வெர்லீன் வாங்கிக்கொடுத்த பேருந்து

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவள் வெர்லீன். அடுத்த வழித்தடத்து ஓட்டுநர் நான். அவளுக்கு இடுப்பெலும்பு தேய்ந்ததும் மருத்துவர் முதலில் வலி மாத்திரை கொடுத்தார். மருந்துச்சீட்டில் எழுதியது, அதனால் விற்பனை வரி கிடையாது. ஆனால் சூப் குடிக்கும்போதே கிண்ணத்தில் தலை சாயும் அளவுக்குத் தூக்கம். அதை விட்டுவிட்டு, மருத்துவர் சொன்னபடி கஞ்சா எண்ணெய்க்கு மாறினாள்; எங்கள் மாநிலத்தில் நோயாளிகளுக்கு அது சட்டப்படி செல்லும். படுக்கப்போகுமுன் நாக்கடியில் இரண்டு சொட்டு. காலையில் பேருந்துப் படியில் முனகாமல் ஏறினாள்.

கஞ்சாவுக்குச் சீட்டு எழுத எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை. ‘பரிந்துரை’ மட்டும் செய்யலாம். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் மாநில அரசின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது. கஞ்சா வாங்க நோயாளி அட்டை கொடுக்கும்போது அது மருந்து. கடையில் பில் போடும்போது வெறும் சரக்கு: விற்பனை வரி, அதற்கு மேல் கஞ்சா வரி. வந்ததில் ஒரு பங்கு பள்ளிக்கு, ஒரு பங்கு போதை மீட்புக்கு. என்ன ஒரு பெரிய மனசு!

சென்ற ஆகஸ்டில் புதுப் பேருந்து வந்தது. கஞ்சா வரிப் பணம் பிள்ளைகளுக்கு வாகனமாகிவிட்டது என்று பள்ளி மேற்பார்வையாளர் ஹோயிட் மேடையில் உருகினார். வெர்லீன்தான் பலமாகக் கைதட்டினாள். மறுவாரம் ஓட்டுநர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. வெர்லீனுடையதில் கஞ்சா தெரிந்தது. அவளை ஹோயிட் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன்.

“டாக்டர் சொல்லித்தானேப்பா எடுத்தேன்?”

“சீட்டு எழுதலையே வெர்லீன், பரிந்துரைதானே பண்ணாரு? மத்திய அரசு சட்டத்துல அது போதை. நீங்க வண்டியத் தொடக்கூடாது.”

“வண்டி வாங்க என் காசை மட்டும் தொடலாமாக்கும்?”

“கோவிச்சுக்காதீங்க. போதை மீட்பு வகுப்புக்குப் போயிட்டு வாங்க, வேலை இருக்கு. வகுப்பு இலவசம்.”

“யாரு காசு?”

ஹோயிட் இருமினார். “கஞ்சா வரிதான்.”

“அடேய், மூக்கொழுகிக்கிட்டு நின்ன உன்னைத் தினமும் ஏத்தி இறக்கினவடா நான்!”

ஆனாலும் அவளுக்கு அந்த வண்டிதான் உயிர். எண்ணெயை நிறுத்தினாள். வகுப்பில் உட்கார்ந்து, இல்லாத பழக்கத்துக்கு ஊரறிய வருந்திச் சான்றிதழும் வாங்கினாள். மறுபரிசோதனையில் சுத்தம் என்று வந்தது. ஹோயிட்டே வந்து சாவியைக் கையில் கொடுத்தார்.

புதுப் பேருந்துக்கு மூன்று படி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து முதல் படியில் ஏறினாள். இரண்டாவது படிக்கு இடுப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றாள். பிறகு மெதுவாக இறங்கிச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

“நீயே ஓட்டு. பாத்து ஓட்டு, அது என் வண்டி.”