மோந்து பிடித்த பட்டம்

என் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிங்க் என்றால் அழுக்குத் தண்ணீர். இப்படிப்பட்ட ஆளுக்கு உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்க, பி.எஸ்சி. வேதியியலில் போய் விழுந்தான். விழுந்தான் என்று சொல்வதுகூட அநியாயம். அப்பா பிடித்துத் தள்ளினார்.

அப்பாவுக்குப் பெயின்ட் கடை. "நான் கலர் விக்கறேன், இவன் கலரே தயாரிப்பான்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார். அதைவிட மோசம், "என் பையனோடது கண்ணா? தராசு!" என்பார். அந்தத் தராசு பச்சை மிளகாயை எடுத்துவரச் சொன்னால் சிவப்பு மிளகாயோடு வந்து நிற்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டான். அப்பாவுக்கு வாழ்க்கையில் பீற்றிக்கொள்ள வேறு பெரிதாக எதுவும் இல்லை. அதையும் பிடுங்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருக்கும்.

பள்ளியின் கடைசி வகுப்பில் அவன் ஒரு வருஷம் கோட்டைவிட்டதால் கல்லூரியில் எனக்கே வகுப்புத் தோழனாக வந்து சேர்ந்தான். ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. குடுவையில் காரம், மேலே பியூரெட் குழாயில் அமிலம். நிறங்காட்டி விட்டதும் காரம் பிங்க் ஆகும். சொட்டுச் சொட்டாக அமிலத்தை விட, பிங்க் மறைகிற நொடியில் குழாயை மூட வேண்டும். வேதியியல் பட்டத்தில் பாதி இதுதான், மீதி பாதி ரெக்கார்ட் நோட்டில் கோடு போடுவது. அவன் குடுவையில் பிங்க் மறைந்ததும் நான் இருமுவேன். அவன் மூடுவான். என் நுரையீரலைப் பற்றி வகுப்பே கவலைப்பட்டது.

எங்கள் துறைத் தலைவருக்குப் 'பிப்பெட்' என்று பெயர் வைத்திருந்தோம். மேலும் கீழும் ஒல்லி, நடுவில் மட்டும் உப்பல். கடைசி வருஷச் செய்முறைத் தேர்வுக்கு அவர் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். எனக்குக் காலை, அண்ணனுக்கு மதியம். அட்டவணையைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"இதுல போச்சுன்னா பட்டம் போச்சு. ஏன் போச்சுன்னு அப்பா கேப்பாரு. அப்புறம் எல்லாமே போச்சு" என்றான்.

"பேசாம உண்மையைச் சொல்லிடேன்."

"நீ வாயை மூடு."

இரண்டு நாள் பேயறைந்தவன் மாதிரி திரிந்தான். பிறகு திடீரென்று சமையலறைக்குள் புகுந்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தான். காரத்தில் போட்டால் வெங்காயத்தின் வாசனை செத்துப்போகும், அமிலம் சேர்ந்தால் திரும்ப வரும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்துவிட்டதாம். சலவைச் சோடாவும் வினிகருமாக ராப்பகலாகப் பழகினான். வீடே நாறியது. "நறுக்கின வெங்காயத்தைச் சட்டியில போடணும்டா, மூக்குல இல்ல" என்றாள் அம்மா.

தேர்வன்று நான் காலையில் என் பங்குக்குச் சொதப்பிவிட்டு, மதியம் ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அண்ணன் கைக்குட்டையை அவிழ்த்து வெங்காயத்தைக் குடுவையில் கொட்டினான். அமிலத்தைச் சொட்டவிட்டுக்கொண்டே கண்ணை மூடி மோந்தான். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு நேரே அவனிடம் வந்தார்.

"என்னப்பா இது, லேபா, ஓட்டலா?"

ஏதாவது புளுகித் தொலைடா என்று நான் வெளியே தவித்தேன். அவன் நிமிர்ந்து, "எனக்குப் பிங்க் தெரியாது மேடம். அதான் மோந்து பாக்கறேன்" என்றான்.

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா கத்தவில்லை. "எங்க, என் முன்னாடி இன்னொரு தடவை செய்" என்றார். அவன் செய்தான். அதே காரத்தில் அவர் முறைப்படி நிறங்காட்டி விட்டுச் செய்து பார்த்தார். இரண்டு அளவும் ஒட்டி நின்றன.

பிப்பெட் விடுவாரா? "கலரே தெரியாதவனுக்குக் கெமிஸ்ட்ரி பட்டமா!" என்று குதித்தார். போன் போட்டு அப்பாவை வரவழைத்தார். அப்பா விரலெல்லாம் பெயின்ட்டோடு வந்து நின்றார். உட்காரக்கூடச் சொல்லாமல் பிப்பெட் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

அப்பா அண்ணனையே பார்த்தார். "நம்ம கடையில ஷேட் கலக்கறது இவன்தான் சார். இவன் கலந்த டப்பா ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. நான் கலந்ததுதான் வரும்" என்றார். பிறகு அண்ணனிடம், "எப்படிடா?" என்றார்.

"டப்பாவுல இருக்கற நம்பரைப் பாத்து அளந்து ஊத்துவேன்ப்பா. கண்ணை நம்பறதே இல்ல."

தேர்வாளர் அம்மா பேனாவை மூடினார். "செய்முறைக்கு மார்க் குறைச்சிருக்கேன். விடைக்குக் குறைக்க முடியாது. பாஸ்" என்று பிப்பெட்டிடம் தாளை நீட்டினார். அவர் கடுகடுவென்று கையெழுத்துப் போட்டார்.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினோம். அப்பா, நடுவில் அண்ணன், பின்னால் நான். பட்டம் வாங்கிக்கொடுத்த வெங்காயம் அவன் சட்டையில் இன்னும் மணத்தது. நாற்சந்தியில் வண்டி நின்றது.

"இப்ப என்னடா எரியுது?" என்றார் அப்பா, திரும்பாமல்.

"மேல இருக்கறது."

"என்ன கலர்?"

"எல்லாரும் நிக்கறாங்களே. அப்போ சிவப்பு."

"ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?"

"நீங்க எல்லார்கிட்டயும் சந்தோஷமா சொல்லிட்டிருந்தீங்க."

விளக்கு மாறியது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் திட்டினான். வண்டி நகரவில்லை. பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன், அப்பாவின் கண் இரண்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, எதிரே இருந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் அவர் தோளில் கை வைத்தான். "கீழ எரியுதுப்பா. போலாம்."