பன்னிரண்டு டிக்குகள்

போர்முனையிலிருந்து திரும்பும் சிப்பாய்கள் லீவில் ஊருக்குப் போகுமுன் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பன்னிரண்டு கேள்விகள். தூக்கம் கெடுகிறதா என்று தொடங்கி, செத்துவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பதில் முடியும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் லீவு நின்றுவிடும்; டாக்டர் பார்த்துச் சரி சொல்லும்வரை முகாமைவிட்டு நகர முடியாது.

அந்தப் படிவங்களைப் பார்த்துக்கொண்ட முகாம் குமாஸ்தாவை எல்லாரும் ரைட்டர் என்றே கூப்பிட்டார்கள். இருபது வருட சர்வீசில் துப்பாக்கியைவிட ரப்பர் ஸ்டாம்பை அதிகம் பிடித்த கை. பிள்ளை முகம் பார்க்கத் துடிக்கிறவர்களை வரிசையில் காக்கவைப்பானேன் என்று, பன்னிரண்டுக்கும் 'இல்லை' என்று அவரே முந்தின நாள் டிக் அடித்து வைத்துவிடுவார். வந்தவர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "நீங்க நல்லா இருக்கணும் ரைட்டரண்ணே" என்று பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

அப்படி ஓடியவர்களில் ஒரு வயர்லெஸ்காரர், வீடு போன ஒன்பதாம் நாள் தற்கொலை செய்துகொண்டார். விசாரிக்க வந்த அதிகாரி படிவத்தைப் புரட்டி, "எல்லாத்துக்கும் இல்லைன்னுதானே சொல்லியிருக்கார்" என்று மூடிவைத்தார். ரைட்டரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அந்த மனிதர் உண்மையைச் சொல்லியிருப்பாரா? ஒருவேளை மாட்டார். ஆனால் கேட்கவே இல்லையே. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ரைட்டருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த பிரிவு வந்திறங்கியபோது கட்டங்கள் காலியாக இருந்தன. ரைட்டர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து வாய்விட்டுக் கேட்டார்.

"இத்தனை கேள்வி என் பொண்டாட்டிகூட கேட்டதில்லண்ணே" என்று ஒருவர் சலித்துக்கொண்டார்.

கடைசியாக வந்த லாரி டிரைவர், ரைட்டருடைய தங்கையின் கணவர்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க மச்சான். பஸ் போயிரும். உங்க தங்கச்சிக்கு இந்த வாரம் பிரசவம், ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மாப்ளே. செத்துடலாம்னு எப்பவாச்சும் தோணுச்சா?"

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"காலைல கண்ணு முழிக்கிறப்ப தோணும். எல்லா நாளும் இல்ல. அதைப் போய் எழுதிடாதீங்க."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ரைட்டர் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்தார்.

"சொந்தக்காரன்னு நம்பிச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றார் டிரைவர். வெளியே பஸ் கிளம்பிப் போனது.

டாக்டர் அறை வாசலில், பெஞ்சில் உட்கார்ந்த டிரைவர் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. ரைட்டர் நின்றுகொண்டே தங்கைக்குப் போன் போட்டார். வண்டி ரிப்பேர் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார்.

"மாப்ளே இப்ப வரலம்மா. அவருக்கு மனசு சரியில்ல. உயிரோட இருக்கணுமான்னு தோணுதாம். நான்தான் பஸ் ஏறவிடாம நிறுத்தினேன்."

தங்கை அழுதாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அவர்ட்ட குடுண்ணா" என்றாள்.

டிரைவர், மச்சான் முகத்தைப் பார்க்காமல் போனை வாங்கினார். கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் கூப்பிட்டபோது, போனைக் காதில் வைத்தபடியே எழுந்து உள்ளே போனார்.