என் ப்ளாட்டுல களை எடுத்தவங்க

மழை விட்ட மறுநாள் கரிசல்ல நடந்திருக்கீங்களா? செருப்புல மண்ணு அப்பி அப்பி, கால் ரெண்டும் அம்மிக்கல்லு மாதிரி கனக்கும்... கடைசியில செருப்பைக் கையில தூக்கிட்டுத்தான் போகணும்.

அப்படித்தான் ஒரு ஐப்பசி காலையில, காய்ச்சல் விட்டும் விடாம, புதூர் பக்கத்துல இருந்த என் ப்ளாட்டுக்குப் போயிட்டிருந்தேன். பி.எச்டி முதல் வருஷம்.

உழாம விட்ட நிலத்துல எந்தச் செடி முதல்ல வருது, அதை எது தள்ளிட்டு வருது, கடைசியில எது ஜெயிக்குது... இதைப் பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் என் வேலை. அதுக்காக ஒரு தரிசுத் துண்டைக் கேட்டு வாங்கி, மூலைக்கு மூலை கம்பி அடிச்சு, துத்தி, சாரணை, தொய்யக்கீரைன்னு ஒவ்வொரு செடியிலயும் கலர் நூல் கட்டி வச்சிருந்தேன். நடுவுல காய்ச்சல் வந்து கோவில்பட்டி ரூம்லயே படுத்துட்டேன்.

போய் நின்னா... ப்ளாட்டைக் காணோம்.

கம்பி இருக்கு. உள்ள ஒரு புல்லு கூட இல்ல. என் செடியெல்லாம் வேரோட வரப்புல வாடிக் கிடக்கு.

பக்கத்துப் புஞ்சைக்காரங்க முத்துலட்சுமி அக்காவும் கூட சில பொம்பளைங்களும், கையில களைக்கொத்தியோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"நீ காய்ச்சல்ல கெடக்கேன்னு கேள்விப்பட்டோம் தாயி. ஒம் புஞ்சை இப்படிக் காடாக் கெடந்தா பாக்குதவிய என்ன சொல்லுவாவ? அதான் எங்க வேலைய விட்டுட்டு வந்து எடுத்துட்டோம்."

நூலையெல்லாம் ஒண்ணு விடாம அவுத்து, ஒரு கேரி பேக்ல போட்டுக் கொடுத்தாங்க. நல்ல நூலாம், வீணாப் போயிரக் கூடாதாம்.

உதவி செஞ்சவங்ககிட்ட எப்படிக் கத்துறது? அங்கனயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டு, இனிமே இதுல ஒண்ணையும் புடுங்காதீங்கக்கான்னு கெஞ்சினேன். அவங்களுக்கு என்னைவிடப் பெரிய அதிர்ச்சி. காய்ச்சல் மண்டைக்கு ஏறிடுச்சுன்னே ஒருத்தங்க முடிவு கட்டிட்டாங்க.

என் கைடுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரு சீசன் போச்சு, முதல்ல இருந்து ஆரம்பின்னு சொல்லி வச்சுட்டார். ஆரம்பிச்சேன்.

அதுக்கப்புறம் அந்த அக்கா என் ப்ளாட் பக்கம் வந்தா, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குவாங்க. இல்லேன்னா கை தானா செடிக்குப் போயிருமாம். "ஏட்டி, அந்த ஒரு சாரணைய மட்டும் புடுங்கிக்கிடட்டா?"ன்னு வாரா வாரம் கேட்பாங்க. அவங்க புஞ்சையில மருந்துக்குக் கூட ஒரு களை இருக்காது. என் வேலைக்கு ஒண்ணுத்துக்கும் உதவாத நிலம்க்கா உங்களுதுன்னு கிண்டல் பண்ணுவேன்.

இப்போ நானே கைடு. போன மாசம் என் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு, ரொம்ப வருஷமா விதைக்காத புஞ்சை ஒண்ணை சாட்டிலைட் படத்துல கண்டுபிடிச்சு, என்னைக் கூட்டிட்டுப் போனா. எனக்குத் தெரியாத புது ரோடு வழியாப் போய் ஜீப்பை விட்டு இறங்கினா, ஆள் நுழைய முடியாத சீமைக்கருவேலம். இதைவிட நல்ல சைட் கிடைக்காது மேடம்னு அவளுக்கு ஒரே சந்தோஷம். நானும் தலையாட்டிக்கிட்டே முள்ளை ஒதுக்கி உள்ள போனேன்.

உள்ள ஒரு கிணறு. பக்கத்துல மூலை உடைஞ்ச ஒரு துவைகல்லு. பி.எச்டி நாள்ல அதுல உட்கார்ந்துதான் நானும் அக்காவும் மத்தியானம் சாப்பிடுவோம்.

அது முத்துலட்சுமி அக்காவோட புஞ்சை.

விட்ட நிலத்துல முள்ளு ஏறும்னு எத்தனையோ கிளாஸ்ல சொல்லிக் கொடுத்திருக்கேன். இந்த நிலத்துல ஏறும்னு மட்டும் ஒரு நாளும் நினைச்சதில்ல. அப்போ ஒரு செடி கூட இல்லையேன்னு அழுதவ நான்... இப்போ இவ்வளவு பச்சையைப் பார்த்துட்டு ஒரு நூல் கட்டக் கூட மனசு வரல.

அங்கன நின்னே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா வீட்டுக்காரர் தவறிட்டாராம். மகன் வெளியூர்ல. அக்கா புதியம்புத்தூர்ல மக வீட்டுல இருந்துக்கிட்டு, ரெடிமேட் கம்பெனியில தைச்ச சட்டைக்குப் பிசிறு நூல் வெட்டுறாங்களாம். நான் எங்க நிக்கிறேன்னு சொன்னேன்.

அப்புறம் சாரணை கெடக்கான்னு கேட்டாங்க. முள்ளுக்கு அடியில அதெல்லாம் வராதுக்கான்னேன்.

"அன்னைக்கு ஒண்ணையும் புடுங்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டியே தாயி... இப்பப் பாரு, ஒருத்தரும் புடுங்கல."

சொல்லிட்டு அவங்கதான் சிரிச்சாங்க. நான் அந்தப் பொண்ணுகிட்ட வேற சைட் பார்ப்போம்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டேன்.