உப்பைத் தொடாத ஃபசீக் வியாபாரி

2016 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குச் சவ்சன் அவரை முதன்முதலாகப் பார்த்தாள். இவரை நம்பக் கூடாது என்று அப்போதே முடிவும் செய்துவிட்டாள். எகிப்தின் மன்சூரா நகரத்து மருத்துவமனை ஒன்றில், நுரையீரல் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு உணவு முறை வகுத்துக் கொடுப்பவள் அவள். எதிரே மூச்சிரைக்க வந்து அமர்ந்த ஷலபியோ, பக்கத்து ஊரான நபரோவில் முப்பது ஆண்டுகளாக ஃபசீக் விற்பவர். மடவை மீனை உப்பில் புதைத்து, நாற்றம் ஏறும்வரை ஊறவைத்து, வசந்தத் திருநாளுக்கு விற்பது அவர் பிழைப்பு.

சிறுவயதில் வாய்க்காலில் நீந்தியபோது உடம்பில் புகுந்த புழு, முதலில் கல்லீரலைக் கெடுத்துப் பின்பு நுரையீரலின் இரத்தக் குழாய்களையும் இறுக்கிவிட்டிருந்தது. அந்தக் குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துப் போயிற்று. இருபது அடி நடந்தால் உதடு நீலம் பாயும். உப்புக் கூடினால் உடம்பில் நீர் தேங்கும், கால் வீங்கும்.

"மீனை ருசி பாக்காம எப்படி ஹாஜி விக்கிறீங்க?" என்று கேட்டாள் சவ்சன்.

கேள்வியில் நியாயம் இருந்தது. பதம் தவறிய ஃபசீக் ஆளைக் கொன்றுவிடும். ஆகவே, கடைக்காரர் முதலில் ஒரு துண்டு கடித்துக் காட்டாமல் ஷலபியின் வாடிக்கையாளர்கள் பையைத் திறப்பதில்லை.

"இப்பல்லாம் என் வீட்டுக்காரிதான் கடிச்சுக் காட்டுறா டாக்டரம்மா. செத்தா அவ முதல்ல போகட்டும்னு ஏற்பாடு" என்றார் அவர்.

சவ்சன் சிரிக்கவில்லை. நாள்தோறும் விடியலில் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் கூடாது. வயிறு முட்ட உண்ணாமல் ஐந்து வேளையாகப் பிரித்து உண்ண வேண்டும். உப்பு அறவே கூடாது. சொன்னவற்றை எழுதியும் கொடுத்தாள். இரண்டு மாதம் எடை ஏறாமல் இருந்தால், குழாய்களைத் தளர்த்தும் விலையுயர்ந்த மாத்திரையை மருத்துவமனைக் குழு இலவசமாக வழங்கும். அது கிடைத்தால் ஷலபி மறுபடி நடப்பார். கிடைக்காவிட்டால் அடுத்த குளிர்காலம் ஐயம்தான்.

எடை ஏறியது. ஜனவரியில் எழுபத்தொன்று, பிப்ரவரி இறுதியில் எழுபத்து நான்கரை.

"வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணையா, நாக்குல உப்புப் பட்டு நாற்பது நாளாச்சு. ஜெயில்ல போடுற சோத்துக்குக்கூட என் சோத்தைவிட ருசி இருக்கும்!"

"எடை மெஷின் பொய் சொல்லாது ஹாஜி."

"அப்ப நான் சொல்றேன்ங்கிறீங்க."

'உணவுக் கட்டுப்பாட்டை மறைவில் மீறுகிறார்' என்று அவள் கோப்பில் எழுதினாள். மார்ச் மாதம் குழு அவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது.

ஏப்ரல் 21, வியாழக்கிழமை, திருநாளுக்குப் பதினொரு நாள் இருக்கையில், கையும் களவுமாகப் பிடித்துவிடும் எண்ணத்தோடு அவள் சொல்லாமல் கொள்ளாமல் நபரோவுக்குப் போனாள். ஷலபியின் மனைவி நபவியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழிவிட்டாள். சவ்சன் பானைகளைத் திறந்து முகர்ந்தாள். ரொட்டியைப் பிட்டு மென்றாள். பாலாடைக்கட்டியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எல்லாம் சப்பென்று இருந்தன.

"கட்டிலுக்கு அடியிலயும் பாத்துடும்மா. அங்க ஒரு மடவை குஞ்சு பொரிச்சிருக்கும்" என்றாள் நபவியா.

உப்பு மீன்தொட்டிகள் கீழே கடையில் இருந்தன. ஷலபியால் அந்தப் படிகளை ஒரு நாளில் ஒருமுறைதான் இறங்கி ஏற முடியும். அப்போதும் மனைவி கூடவே இருப்பாள். இவளும் சேர்ந்து மறைக்கிறாளோ என்று சவ்சனுக்குத் தோன்றியது. சாப்பாடு முடியும்வரை போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள்.

உப்பில்லாத அவரைப் பருப்பை எலுமிச்சையும் சீரகமும் சேர்த்துப் பாதிக் கிண்ணம் உண்டார் ஷலபி. பிறகு வயிற்றைத் தடவியபடி சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் கிழித்து, அரை டம்ளர் நீரில் கொட்டினார். அது பொங்கி நுரைத்தது.

"என்ன அது?"

"வாயுப் பொடி. வயிறு கல்லு மாதிரி உப்பிக்குது. இது மருந்துதானே, சாப்பாடா?"

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"மூணு, நாலு. காசு கொடுத்தா வாங்குறேன்? நீர் மாத்திரை வாங்கப் போனா, மருந்துக்கடைக்காரன் சில்லறை இல்லேன்னு இதைக் கைநிறைய அள்ளித் தர்றான்."

சவ்சன் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள். சோடியம். ஒரு பொட்டலத்தில் கால் தேக்கரண்டி உப்புக்குக் குறையாது. நாவிலோ கரிப்பே தெரியாது. நீர் தேங்கியதால் வயிறு உப்பிற்று. உப்பிய வயிற்றுக்குப் பொடி. பொடியால் மேலும் நீர். நீரை இறக்க மாத்திரை. மாத்திரை வாங்கினால் மீதிச் சில்லறைக்கு மறுபடி பொடி. என்ன தின்றீர், என்ன குடித்தீர் என்று மூன்று மாதம் துருவித் துருவிக் கேட்டவள், வேறு என்ன மருந்து என்று ஒருநாளும் கேட்கவில்லை.

"ஹாஜி, உங்களைப் பொய்யன்னு எழுதிட்டேன்."

"தெரியும். இங்க ஊருக்கே தெரியும். கடையில வந்து, 'ராத்திரி எத்தனை மீனு?'ன்னு கேக்குறானுங்க."

"நானே வந்து உங்க கடையில, எல்லார் முன்னாலயும் தப்பு என்னோடதுன்னு சொல்றேன். இப்பவே வரட்டுமா?"

இம்முறை சந்தேகம் ஷலபியின் பக்கம் இருந்தது. "முதல்ல கோப்புல அடிச்சு எழுதுங்க. கடையில சொல்றதை, நான் கூப்பிடும்போது வந்து சொல்லுங்க" என்றார்.

மறுநாளே அவள் கோப்பைத் திருத்தினாள். மருந்துக்கடைக்காரரிடமும் போய்ப் பேசினாள். ஜூன் இறுதிவரை எடை எழுபதில் நின்றது. ஜூலையில் மாத்திரை வந்தது. குளிர்காலத்தில் ஷலபி வாய்க்கால் பாலம்வரை நடந்தார், நடுவில் ஒரே ஒருமுறை நின்று.

அடுத்த வசந்தத்தில் சவ்சன் மீன் வாங்கப் போனபோது கடையில் கூட்டம் நெரிந்தது. "ஹாஜிக்கு மட்டும் தனித் தொட்டி உண்டாமே!" என்று எவனோ கத்தினான், கூட்டம் சிரித்தது. அவள் முன்னே நகர்ந்து, இப்போது சொல்லட்டுமா என்று கேட்பதுபோல் ஷலபியின் முகத்தைப் பார்த்து நின்றாள். அவர் நல்ல மீனாகத் தேடி எடுத்து, காகிதத்தில் இறுகச் சுற்றி அவள் கையில் வைத்தார்.

"எலுமிச்சை நிறையப் பிழிஞ்சு சாப்பிடுங்க டாக்டரம்மா. அடுத்த ஆளு யாருப்பா?"

அதன்பின் மூன்று ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். மாதந்தோறும் அவள் எதிரே வந்து உட்கார்ந்து எடைக் குறிப்பைக் கொடுத்தார். கடைக்கு வந்து சொல்லுங்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.