பால் கேனில் ஒரு காபிக் குழாய்

மூன்று வருடங்களுக்கு முன், மே மாத விடுமுறையில், திருநெல்வேலி பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் நடந்தது இது.

நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கும் வாத்தியார். கொஞ்சம் முன்கோபி. கொஞ்சம் என்பது நான் சொல்வது. என் மனைவியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். அதற்கு முந்தைய மாதம் பெங்களூர் போயிருந்தபோது, நண்பன் ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப்போனான். அங்கே காபி குழாயில் வந்தது! அடுப்பே கிடையாது. காபித் தூளைப் பச்சைத் தண்ணீரில் முழுநாள் ஊறவைத்து வடிகட்டி, குளிரவைத்து, அதில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி ஏற்றுகிறார்கள். குழாயைத் திறந்தால் கறுப்பாக இறங்கி, மேலே பாலாடை மாதிரி நுரை கட்டி நிற்கிறது. சீனி போடாமலே ஒரு இனிப்பு. கிளாஸைக் கீழே வைப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன், இதை வீட்டில் செய்தே தீருவதென்று.

"காபிக்குக் குழாயா? அப்படியே சாம்பாருக்கும் ஒண்ணு போட்டுருங்க" என்றாள் மனைவி.

இதற்கென்றே விற்கிற டேங்க் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிவிட்டால் நான் பிசிக்ஸ் படித்ததற்கு என்ன மரியாதை? குழாயையும் ரெகுலேட்டரையும் ஆன்லைனில் வரவழைத்தேன். கேஸ் கடையில் சின்ன நைட்ரஜன் சிலிண்டர் கிடைத்தது. டேங்குக்கு, டவுணில் ஒரு பாத்திரக்கடையில் பத்து லிட்டர் எவர்சில்வர் பால் கேன் எடுத்தேன். வாயு நாற்பது பவுண்டு அழுத்தத்தில் ஏற வேண்டும். கார் டயரே முப்பது பவுண்டு தாங்குகிறது, எவர்சில்வர் நாற்பது தாங்காதா? அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை தங்கை குடும்பத்தை வரச்சொல்லிவிட்டேன். தங்கை மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, அப்போது எட்டு வயது. "முதல் கிளாஸ் நீதான் திறந்து பிடிக்கணும்" என்று போனில் சொன்னதும், அவள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அவள் கைக்கு எட்டும் உயரத்தில் கேனை வைக்க ஒரு ஸ்டூலைக்கூடத் தேடி எடுத்து வைத்திருந்தேன்.

மூடியை போல்ட் போட்டு முறுக்க, கேனின் கழுத்தில் நாலு காதுகள் பற்றவைக்க வேண்டும். குழாய்க்கும் வாயுவுக்கும் இரண்டு துளை. பட்டறையை நடத்தியவர் ஓர் அம்மா. என் வயதுதான் இருக்கும். வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் டேங்குகளைப் பழுது பார்ப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை. நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கேனை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சார், இது பால் ஊத்துத கேனு. காத்தைத் தாங்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நான் பிசிக்ஸ் வாத்தியார். எனக்கே பிரஷர் பாடம் நடத்துதியளா?" என்று பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். சொன்ன வேலையைச் செய்தால் போதும் என்றேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் கேனை எடுத்து வேலை மேஜையில் வைத்தார். "பத்தவச்சுத் தாரேன் சார். ஆனா தண்ணி டெஸ்ட் பண்ணாம இது என் பட்டறைய விட்டு வெளிய போவாது. நீங்க கோவிச்சாலும் சரி."

செய்யுங்கள், பார்த்துவிடலாம் என்று நானும் வீம்பாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கேன் நிறையத் தண்ணீர் ஊற்றி, காற்றே இல்லாமல் வழியவிட்டு மூடியை முறுக்கினார். பக்கத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பு. "பைய அடிக்கேன். மீட்டர நீங்களே பாருங்க" என்றார்.

பத்து. பதினைந்து. நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். இருபதில் கேனின் அடிப்பாகம் பிதுங்கி, நேராக நின்ற கேன் ஆடத் தொடங்கியது. காலைக் கீழே இறக்கினேன். இருபத்தெட்டில் டப்பென்று ஒரு காது தகட்டோடு பிய்ந்தது. மூடி ஒருபக்கம் தூக்கிக்கொண்டு, தண்ணீர் என் சட்டையில் அடித்தது. அவ்வளவுதான், உடனே அடங்கிவிட்டது.

"தண்ணியா இருக்கப்போயி இத்தோட நின்னுட்டு. காத்தா இருந்தா மூடி நிக்காது சார்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

தண்ணீரை அமுக்க முடியாது, வாயு அமுங்கி ஸ்பிரிங் மாதிரி காத்திருக்கும். பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் நான் எழுதிப்போடுகிற பாடம்! அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை. அங்கேயே மனசுக்குள் பெருக்கினேன். நாற்பது பவுண்டில் அந்த மூடியை மேலே தள்ளுகிற விசை ஐந்நூறு கிலோ கனத்துக்குச் சமம். ஒரு எருமை மாட்டின் எடை. ஸ்டூலில் கேனை வைத்தால் அந்த மூடி சரியாக என் மருமகளின் முகத்துக்கு நேரே இருந்திருக்கும். எழுந்து போய் அந்த மூடியை உள்ளங்கையால் அளந்து பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார், மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். அப்புறம் அவரே வழியும் சொன்னார். கூல்டிரிங்ஸ் கடைகளில் முன்பு வைத்திருந்த உருண்டை முனை ஸ்டீல் டேங்குகள் மேலப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடக்கின்றன, அவை வாயு அழுத்தத்துக்கென்றே செய்தவை என்றார். அன்று சாயங்காலமே ஒன்றை வாங்கி வந்தேன். அதிலும் தண்ணீர் நிரப்பி எண்பது பவுண்டு வரை ஏற்றி, கால்மணி நேரம் காத்திருந்தார். மீட்டர் முள் அசையவில்லை. வாய்க்கு ரப்பர் வளையம் மாற்றி, உள்ளே வெந்நீரில் மூன்று தடவை கழுவச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஜோராக நடந்தது. மருமகள் குழாயைத் திறந்து, நுரை இறங்குவதைப் பார்த்துக் கைதட்டி, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அவளுக்காக அடுத்த வாரம் அதே டேங்கில் எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத் ஏற்றினேன். சாம்பாருக்குக் குழாய் கேட்ட மனைவிதான் இப்போது அதற்கு முதல் ஆள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே ஒரு பிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சூடா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்லா சார்?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பால் கேன் விஷயத்தை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. தங்கை இதைப் படித்துத் தெரிந்துகொண்டு என்னைத் திட்டினால் திட்டட்டும். மருமகள் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், அன்றைக்கு என் அதட்டலுக்குப் பயப்படாமல் பம்பைக் கையில் எடுத்த அந்த அம்மாவைத்தான் நான் கும்பிட்டுக்கொள்கிறேன்.