திருவிருந்து அன்று திரும்பிய பசி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில், இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் திருவிருந்து. அப்பம் கைக்கு வருவதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுவது என் மனைவி ஞானப்பூவின் வழக்கம். ஒரு வருஷமாக அப்படித்தான். ஏன் என்கிறீர்களா? மனத்தில் பகை வைத்துக்கொண்டு அந்தப் பந்தியில் கை நீட்டக் கூடாது — அது எங்கள் சபைக் கட்டுப்பாடு.

பகை யார்மேல்? கூடப்பிறந்த தம்பி செல்லையாமேல்! தன் மகள் கல்யாணத்துக்கு அவன் நேரில் வந்து அழைக்கவில்லை. ஆள் விட்டு அழைத்தான். அக்காளையும் அத்தானையும் ஆள் விட்டா அழைப்பது? அத்தானாகிய நான் நாலு நாளில் மறந்துவிட்டேன்... அவள் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சில் எரிச்சல், விலாவில் குத்தல். வில்வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். கட்டியுமில்லை, புண்ணுமில்லை என்று மிக்ஸ்சர் மருந்து கொடுத்தார். பலன்? ஆள் பாதியாகிவிட்டாள். கஞ்சித் தண்ணீரில் எத்தனை நாள் ஓடும்? பிழைக்க மாட்டாள் என்றே பயந்து கிடந்தேன்.

அந்த ஞாயிறும் எழுந்தாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. நேரே ஆண்கள் பக்கம் நடந்தாள்! சபையே திரும்பிப் பார்த்தது. செல்லையா முன்னால் போய் நின்றாள்.

“ஏலே செல்லையா, நீ நேர்ல வந்து கூப்பிடாட்டாலும் நான் உனக்க அக்காதான். இனி இதைச் சொமக்க என்னால முடியாதுலே.”

“அக்கா...” என்று அவன் தேம்பினான். அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள், அப்பத்தை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்புமாக உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ பயம். “மெள்ள, மெள்ள” என்றேன்.

“என்னத்தப் பாத்துட்டு நிக்கியீரு? இன்னும் ரெண்டு துண்டு மீனு வையும்!”

எரிச்சல் இல்லை, குத்தல் இல்லை. கடவுளே! கோபம் மனத்தோடு நின்றுவிடும் சங்கதி என்றல்லவா நினைத்திருந்தேன்? அது தொண்டைக்குழியில் உட்கார்ந்து சோற்றை மறிக்குமா? மறித்ததையும் பார்த்தேன், வழிவிட்டதையும் பார்த்தேன். எழுதும்போதே உடம்பு புல்லரிக்கிறது. டாக்டர் தேவையில்லை என்று சொல்ல நான் யார்? கண்டதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் செல்லையா வந்தான். அழைக்க வராத காரணத்தைச் சொல்ல வாயெடுத்தான்.

“அதெல்லாம் இப்ப எதுக்குலே? கையைக் கழுவிட்டு வா. சோறு ஆறுது.”

காரணம் என்னவென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்குப் பசிக்கிறது — எனக்கு அது போதும்.