வஹாக்காவில் என் மனைவி வைத்த கோழிக்கறி

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோ நகரின் மையத்திலிருந்த ஓர் உணவகத்தில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என் தொட்டிக்குப் பக்கத்து அடுப்பில் நின்ற சமையல்காரன் மெக்சிக்கோக்காரன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அதை வைத்துக்கொண்டே நான்கு வருடம் சிநேகிதமாக இருந்தோம். ஒருநாள் அவன், தன் அக்காவின் மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிறது, ஊரில் பெரிய கொண்டாட்டம், நீயும் மனைவியும் வரவேண்டும் என்றான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சாமத்தியவீடு மாதிரியோ?" என்று, எங்கள் ஊரில் பெண் பிள்ளை பெரியவளானால் செய்யும் சடங்கை நினைத்துக் கேட்டாள்.

"கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

"அப்ப போகத்தான் வேணும்."

அந்த வருடம்தான் எங்களுக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்திருந்தது. அதுவரை நாங்கள் விமானம் ஏறியதெல்லாம் உயிர் தப்புவதற்காக. ஊர் பார்க்கப் புறப்பட்டது அதுதான் முதல் தடவை. சூட்கேஸ் அடுக்கும்போது அவள் ஒரு பெரிய பொதி மிளகாய்த்தூளை உடுப்புகளுக்கு நடுவில் வைப்பதைக் கண்டேன்.

"இஞ்சேரும், உதை ஏன் காவுறீர்? கஸ்ரம்சில மறிச்சால் என்னெண்டு சொல்லுறது?"

"சமைக்கிற தூள் எண்டு சொல்லுங்கோ. அதிலை என்ன பொய்?"

யாரும் மறிக்கவில்லை.

சிநேகிதனின் ஊரான வஹாக்கா, மெக்சிக்கோவின் தெற்கே ஒரு பழைய நகரம். மெல்லிய பச்சை ஓடிய கல்லில் கட்டிய வீடுகள். பெரிய தேவாலயத்துக்குள் நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுவதும் பொன் பூச்சு. சந்தைத் தெருவில் கொக்கோ அரைக்கும் மில்கள் வரிசையாக நின்றன. கொக்கோவுடன் கறுவாவையும் பாதாமையும் சேர்த்துக் கொட்ட, கீழே சூடான களியாக வழிந்தது. ஒரு பெண் கூடை நிறைய வறுத்த வெட்டுக்கிளி விற்றாள். நான் படம் எடுக்கிற சாட்டில் நழுவினேன். என் மனைவி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். தேசிக்காய்ப்புளியும் உப்பும் தூளும் போட்டது.

"நெத்தலிப் பொரியல் மாதிரிக் கிடக்கு," என்று இன்னும் ஒரு பிடி வாங்கினாள்.

கொண்டாட்டத்துக்கு முதல்நாள் சிநேகிதனின் அக்கா வீட்டுக்குப் போனோம். அயலவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒருத்தி கோழி கொண்டுவந்தாள், ஒருத்தி சோளம், இன்னொருத்தி சொக்லேற் கட்டிகள். வெறுங்கையோடு யாரும் படலை தாண்டவில்லை. கொடுத்துவிட்டு அப்படியே முற்றத்தில் இருந்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அங்கே அப்படித்தான் வழக்கம் என்று என் சிநேகிதன் சொன்னான்.

முற்றத்தில் ஒரு பெரிய பானையில் மோலே என்ற கறுப்புக் குழம்பு கொதித்தது. அக்கா அகப்பையில் கொஞ்சம் எடுத்து மனைவியின் உள்ளங்கையில் விட்டாள். மனைவி நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு சாமான்கள் பரப்பியிருந்த மேசைக்குப் போய், குழம்பில் போட்டவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். கராம்பு. கறுவா. எள்ளு. முந்திரிகை வற்றல். நிலக்கடலை. கடைசியில் வாழைப்பழத்தைத் தொட்டபோது பெண்கள் கத்திவிட்டார்கள். அவள் இன்னும் முடிக்கவில்லை. மிளகாய்க் கொட்டைகளை அள்ளி நெருப்பைக் காட்டி, கருக வறுத்தது என்று கையாலேயே சொன்னாள். அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். சொக்லேற் ஒன்றைத்தான் மனைவி தவறவிட்டாள். அதைக் காட்டியபோது அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு ஸ்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. அங்கே என்னால் அவளுக்கு எந்த உதவியும் இல்லை. அவளுக்குத் தேவையும் இருக்கவில்லை.

"நாங்கள் மட்டும் சும்மா வந்து நிக்கிறம். தூளை எடுத்து வாங்கோ," என்றாள்.

நான் ஹோட்டலுக்கு ஓடினேன். திரும்பி வரும்போது நாலு கோழி வெட்டி, தேங்காய் துருவி முடிந்திருந்தது. கறிவேப்பிலைதான் இல்லை. அக்கா காய்ந்த அவக்காடோ இலையை நீட்டினாள். மனைவி கசக்கி மணந்தாள். பெருஞ்சீரக வாசம்.

"இது காணும்," என்று கறிக்குள் போட்டாள்.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து, ரோசா நிறக் கவுனில் அந்தப் பெண் பிள்ளை தகப்பனோடு நடனமாடியபின் விருந்து தொடங்கியது. மோலேக்குப் பக்கத்தில் எங்கள் கோழிக்கறியும் இருந்தது. மீசைக்காரக் கிழவர் ஒருவர் சோள ரொட்டியால் தொட்டு வாயில் வைத்தார். முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார். பிறகு வரிசை கூடிவிட்டது. மோலே முடிவதற்கு முன்னரே கறிச்சட்டி வழித்துத் துடைத்தாயிற்று. அக்கா கிளாசை உயர்த்தி ஏதோ சொல்ல, எல்லோரும் எழுந்து என் மனைவியைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

"என்ன சொன்னவ?" என்று சிநேகிதனிடம் கேட்டேன்.

இந்த வீட்டில் இனி இவளும் ஒரு பெண் என்று சொன்னதாக அவன் சொன்னான். அதை நான் தமிழில் சொல்ல, அவள் சீலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "கொஞ்சம் உப்புக் குறைவு," என்றாள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வேலைக்குப் போனபோது, சிநேகிதன் கதையை எனக்கு முன்னரே சமையலறை முழுக்கப் பரப்பியிருந்தான். தலைமைச் சமையல்காரர் அதுவரை என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று என் தொட்டியடியில் வந்து நின்று, "அந்தக் கறி வைத்தவளின் புருஷன் நீதானா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அதற்குப் பிறகு அந்த உணவகத்தை விட்டு விலகும்வரை எனக்கு அங்கே அதுதான் பெயர்.